செய்தவனா, செய்யச் சொன்னவனா?

பாரூர்ப் பெரிய ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையிலிருந்து வருகிறது. நெடுங்கல் அணைக்கட்டில் பிரியும் வாய்க்கால்தான் எங்கள் பக்கத்து நெல்லுக்கும் தென்னைக்கும் உயிர். ஏரி நிறைந்த வருஷம் ஊரில் காசு புழங்கும். காசு புழங்கினால் கோடையில் பாரதம் வைப்பார்கள். திரௌபதி அம்மன் கோயில் முன்னால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கும் படுகளம். தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

துகிலுரிதல் இரவில், சேலையில் கை வைக்கப்படுவதற்கு முன்னால், ஒரு கேள்வி வரும். அழைத்துப் போக வந்த ஆளைத் திரௌபதி நிறுத்திக் கேட்பாள்: தருமர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னையே தோற்று அடிமையானவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன பாத்தியதை? பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார். சபையில் உட்கார்ந்த அந்தப் பெரியவர்களில் நேராகப் பதில் சொல்ல ஆளில்லை. தருமம் நுட்பமானது என்று பீஷ்மர் ஒதுங்கிக்கொள்வார். மானத்தைக் கண்ணன் காப்பாற்றிக் கொடுத்துவிடுவான்; கேள்வி அப்படியே நிற்கும்.

மறுநாள் காலையில் தூக்கம் கலையாத கண்களோடு களத்துமேட்டில் பெரியவர்கள் அதைத்தான் பேசுவார்கள். என் தாத்தா ஒரே பிடியாக நிற்பார். “ஏன்டா, தன்னையே தோத்தவனுக்குப் பொண்டாட்டி ஏதுடா? தோத்த அப்பறம் அவன் வெறும் ஆளு. துரியோதனன் கேட்டான், இவன் வெச்சான். கேட்டவன் மேல தப்பா, வெச்சவன் மேல தப்பா? சபையில குந்திக்கிட்டுப் பார்த்தானுங்களே, அவனுங்களை என்ன பண்றது?” கைநாட்டு வைக்கும் மனிதர் அவர். பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றி உலகத்துத் தத்துவவாதிகள் எழுதிய பல பக்கங்கள் அந்த மூன்று வரிக்குள் இருக்கின்றன என்பதைப் பிற்காலத்தில்தான் புரிந்துகொண்டேன்.

ஐ.டி.ஐ. முடித்து நான் ஓசூருக்குப் போனேன். எங்கள் பகுதியில் என் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் அதுதான் பாதை: காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, அங்கிருந்து பெங்களூர் ரோட்டில் ஓசூர். எழுபதுகளில் சிப்காட் வந்த பிறகு அந்த ஊர் மோட்டார் வாகனங்களின் ஊராக மாறியிருந்தது. பெரிய கம்பெனிகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். பிரேக் ஒயர், கியர், ஸ்பிரிங், தகட்டு உருப்படிகள் என்று ஒவ்வொன்றும் ஒரு பாகத்தைச் செய்து கொடுக்கும். கம்பெனி பஸ்ஸில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே மூச்சில் பேசப்படும். அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம். அங்கே வெள்ளிக்கிழமை வெளியான கன்னடப் படத்தின் கதை திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில் எங்களுக்குத் தெரிந்துவிடும். பவன் குமாரின் ‘லூசியா’ 2013-இல் வந்தபோது, கனவில் வேறொரு வாழ்க்கை வாழும் தியேட்டர் டார்ச் லைட்காரனின் கதையை ஆனேக்கல்காரர் ஒருவர் சொல்ல, பஸ்ஸே காது கொடுத்துக் கேட்டது. இரண்டு வருஷம் கழித்து அதே கதை ‘எனக்குள் ஒருவன்’ என்று தமிழில் வந்தது. எங்களுக்கு அது பழகிய வீட்டுக்குள் மறுபடி நுழைவதாக இருந்தது.

அந்தப் பஸ்ஸில் படங்களைப் பற்றிப் பேசிய பேச்சு எனக்கு ஒரு கல்லூரி. சண்டைக்காட்சியும் பாட்டும் நிறைந்த படங்களுக்குள் பெரிய கேள்விகள் இருப்பதை அங்கேதான் கற்றேன். அந்தக் கேள்விகள் எனக்குள் இறங்கக் காரணம், எங்கள் பட்டறையில் நடந்த ஒரு சம்பவம். அதன் பிறகு வந்த படம் ஒவ்வொன்றும் அந்தச் சம்பவத்தின் மேல் வேறொரு பக்கத்திலிருந்து வெளிச்சம் போட்டது.

அது 2000-களின் தொடக்கம். பிரஸ் ஷாப்பில் பழைய கீ கிளட்ச் பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வகை இயந்திரம் இறங்கத் தொடங்கினால் முழுச் சுற்று முடியாமல் நிற்காது. அதனால்தான் இரண்டு பட்டன்களைத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டும் அச்சு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்க முடியாது. எளிமையான, அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு கையால் தகட்டை எடுத்து வைத்து மறு கையால் அழுத்தினால் மணிக்கு இன்னும் கொஞ்சம் உருப்படி கூடும். ஒரு பட்டனில் மரச் செருகு வைத்து அழுத்தியபடியே நிறுத்தியிருந்தார்கள். செருகியது யார் என்று யாருக்கும் தெரியாது. செருகு இருப்பது எல்லோருக்கும் தெரியும். மணிக்கணக்கு எழுதும் பலகையில் இலக்கு ஏறிக்கொண்டே போனதும் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நைட் ஷிஃப்டில், விடியும் நேரத்தில், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கெலமங்கலம் பக்கத்துக்காரர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர். விசாரணை நடந்தது. படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதப்பட்டது. அதற்குமேல் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. செருகு அன்று காலையிலேயே காணாமல் போயிருந்தது.

அந்த மனிதரின் இடத்தில் அன்று வேறொருவர் நின்றிருக்க வேண்டும். தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவர் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருந்தார். மாற்றிக்கொண்டவர் அதன்பின் பல மாதம் யாரோடும் பேசாமல் இருந்தார். ஜீவா இயக்கிய ‘12பி’ (2001) படத்தை டிவியில் போட்டபோதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வரும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு ஓடும் ஒருவன் பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் வேறொரு வாழ்க்கை. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும் படம். ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ என்ற 1998-ஆம் வருஷத்து ஆங்கிலப் படத்தில் இருந்த யோசனை அது. பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1976-இல் இதே இடத்தைத் தொட்டு எழுதினார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். தற்செயலாக ஒருவன் செயலில் விபத்து நேர்கிறது, மற்றவன் தப்பிவிடுகிறான். உலகம் ஒருவனைக் குற்றவாளி என்கிறது, இன்னொருவனைக் கண்டுகொள்வதே இல்லை. இது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. எங்கள் பிரஸ் ஷாப்பில் செருகு வைத்த பட்டனோடு வேலை செய்தவர்கள் பலர். ‘கவனக்குறைவு’ என்ற பெயர் ஒருவர் மேல் மட்டும் விழுந்தது.

பிறகு 2005-இல் ‘அந்நியன்’ வந்தது. ஷங்கர் இயக்கம், சுஜாதா வசனம். பெங்களூரில் பி.இ.எல். நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபடியே எழுதிக் குவித்த சுஜாதாவை எங்கள் பக்கத்து வாசகர்கள் பக்கத்து ஊர்க்காரராகவே நினைத்தோம். ஒரே உடலில் அம்பி, ரெமோ, அந்நியன் என்று மூன்று பேர். இரவில் கொலை செய்வது ஒருவன், பகலில் அதை அறியாமல் சட்டம் பேசுவது இன்னொருவன். ஒருவனுக்கு நினைவே இல்லாத குற்றத்துக்கு அவனைத் தண்டிக்கலாமா என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே ஜான் லாக் கேட்டிருந்தார். ஒரு மனிதனை அதே மனிதனாக வைத்திருப்பது அவன் உடம்பா, அவன் நினைவா என்பதே அவருடைய விசாரணை. படத்தில் நீதிமன்றம் அம்பியைச் சிகிச்சைக்கு அனுப்புகிறது.

பஸ்ஸில் எங்களைப் பிடித்துக்கொண்டது படத்தின் வேறொரு பகுதி. ஐந்து பைசா திருடுவது தப்பா என்று தொடங்கி, ஐந்து கோடிப் பேர் சேர்ந்து திருடினால் என்ன ஆகும் என்று கணக்கு ஏறும் அந்த வாதம் பஸ்ஸில் எல்லோருக்கும் மனப்பாடம். எங்கள் வெல்டிங் பிரிவு அண்ணன் ஒருவர்தான் அதைப் பட்டறைக்குள் கொண்டுவந்தார். “செருகு விஷயத்துல இதேதான் நடந்துச்சு. பர்ச்சேஸ்ல சென்சார் வாங்கறத அடுத்த வருஷம் பார்க்கலாம்னு தள்ளினாங்க, அது அஞ்சு பைசா. மெயின்டனன்ஸ் பார்த்துட்டுப் போனான், அஞ்சு பைசா. சூப்பர்வைசர் பலகையில நம்பரை ஏத்தினார், அஞ்சு பைசா. பக்கத்து மெஷின்ல நின்ன நாம சும்மா இருந்தோம், அதுவும் அஞ்சு பைசா. எல்லாஞ் சேர்ந்து ரெண்டு வெரலு.”

டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1984-இல் எழுதிய நூலில் ஒரு கற்பனை இருக்கிறது. ஆயிரம் கைதிகள், அவர்களை வதைக்கும் ஆயிரம் பேர். முன்பெல்லாம் ஒருவர் ஒரு கைதியை வதைத்தார். இப்போது ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அது ஆயிரம் கைதிகளுக்கும் உணரவே முடியாத அளவு சின்ன வலியைத் தருகிறது. ஆயிரம் பேரும் அழுத்தி முடிக்கும்போது கைதிகள் அனுபவிப்பது பழைய வதையேதான். ஆனால் என் பொத்தானால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்ல முடியும். தனித்தனியாகப் பார்த்தால் யாருமே குற்றம் செய்யவில்லை. மொத்தமாகப் பார்த்தால் அது கொடுமை. வெல்டிங் அண்ணன் பார்ஃபிட்டைப் படித்தவர் இல்லை. ‘அந்நியன்’ பார்த்திருந்தார், விரல்கள் போன இரவில் அங்கே இருந்தார். அது போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தப் படம் தன் கணக்கைத் தானே கைவிட்டுவிட்டது. தரம் கெட்ட பிரேக் ஒயர் செய்து விற்ற முதலாளியை, கருட புராணம் சொல்லும் தண்டனை என்று, அந்நியன் அட்டைகளுக்கு இரையாக்கிக் கொல்கிறான். பிரேக் ஒயர் எங்கள் ஊரில் செய்யும் பொருள். ஒரு கம்பி அறுந்துபோகப் பல கைகள் வேண்டும்: மலிவான கம்பி கேட்ட விலை, சோதிக்காமல் விட்ட ஆய்வு, பார்க்காமல் போட்ட முத்திரை. ஐந்து பைசா வாதம் நம்மை அந்தப் பல கைகளைப் பார்க்கச் சொன்னது. கருட புராணத் தண்டனை ஒரே ஆளைத் தேடிப் போய் நம் மனத்தை ஆற்றிவிட்டது. கேள்வி கேட்ட படமே கேள்வியைத் தூங்க வைத்த இடம் அது.

‘எந்திரன்’ 2010 அக்டோபரில் வந்தபோது இதை இன்னும் தெளிவாகப் பார்த்தேன். ராணுவத்துக்காக என்று விஞ்ஞானி வசீகரன் செய்த ரோபோ சிட்டி, எரியும் குடியிருப்பில் இறங்கி ஆட்களை மீட்கிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கேமராக்களின் முன்னால் நிறுத்துகிறது. அவள் வெட்கம் தாங்காமல் ஓடி லாரியில் அடிபட்டுச் சாகிறாள். என் பார்வையில் தமிழில் வந்த அறிவியல் புனைகதைப் படங்கள் தொட்ட உச்சம் அந்தக் காட்சிதான். உயிரைக் காப்பாற்று என்பது கட்டளை. இயந்திரம் அதை அப்பழுக்கில்லாமல் நிறைவேற்றியது. ஒரு உயிர் போனது. அவளைக் கொன்றது சிட்டியா, மானம் என்றால் என்னவென்று அதற்குச் சொல்லித்தராமல் வேலைக்கு இறக்கியவரா, தன் படைப்பின் திறமையைக் காட்ட அவருக்கு இருந்த அவசரமா?

படம் இந்தக் கேள்வியோடு இருந்திருக்கலாம். பிறகு வசீகரன் கோபத்தில் சிட்டியை வெட்டிக் குப்பையில் போடுகிறார். அதை எடுத்துப் போய் படத்தின் வில்லனான போரா சிவப்புச் சிப்பைச் செருகுகிறார். அதிலிருந்து எல்லாக் கெடுதலும் அந்தச் சிப்பின் கணக்கில் ஏறுகிறது. இறுதியில் நீதிமன்றத்தில் சிட்டியே போரா சிப் செருகிய காட்சியைக் காட்ட, வசீகரன் விடுதலையாகிறார், சிட்டியைக் கழற்றச் சொல்லித் தீர்ப்பு வருகிறது. அதற்குள் செத்துப்போயிருந்த போரா மேல் குற்றம், பேசத் தெரிந்த ஓர் இயந்திரத்துக்குத் தண்டனை, படைத்தவருக்கு விடுதலை. ஆபத்தான பொருளைக் குப்பையில் போட்டது யார் என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் விசாரணைப் படிவத்தின் ‘காரணம்’ கட்டத்தைப் போலவே அந்தத் தீர்ப்பிலும் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது.

அதே காலத்தில் எங்கள் பட்டறைக்கும் வெல்டிங் ரோபோக்கள் வந்தன. ஆறு அச்சில் திரும்பும் கைகள், சுற்றிலும் மஞ்சள் வேலி. எந்திரனைத் திரையில் பார்த்தவர்கள் எல்லோரும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அந்த ரோபோக்களில் பயிற்சி கிடைத்தது. ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று தொடங்கும் மூன்று விதிகளை ஐசக் அஸிமோவ் 1942-இல் ஒரு கதையில் எழுதினார். ‘எந்திரன்’ படமும் அவற்றை விவாதிக்கிறது. பட்டறை ரோபோவின் தலையில் அப்படி எந்த விதியும் இல்லை. மனிதன் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. விதிகள் வேலியில் இருக்கின்றன. கதவைத் திறந்தால் கை நின்றுவிடும். உள்ளே போய் அதற்கு வழி சொல்லித்தரும்போது கையில் பிடிக்கும் டீச் பெண்டன்டில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் பாதி அழுத்தத்தில் பிடித்திருந்தால் மட்டும் ரோபோ அசையும். கையை விட்டால் நிற்கும். பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். பயந்த மனிதன் சில நேரம் கையிலிருப்பதைப் போட்டுவிடுவான், சில நேரம் இறுகப் பற்றுவான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு அவன் உயிரை எடுக்காதபடி செய்த ஏற்பாடு அது. நான் அறிந்த அற நூல்களுக்கு இணையாக அந்தச் சின்னச் சுவிட்சை மதிக்கிறேன்.

அந்த யோசனைக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளாட் ராக் என்ற ஊரின் வார்ப்படத் தொழிற்சாலையில், ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி அடுக்கு ஒன்றில் ஏறிப் பாகங்களை எடுத்துக்கொண்டிருந்தபோது ரோபோ ஒன்றின் கை தலையில் அடித்து இறந்தார். ரோபோவால் உயிரிழந்த முதல் மனிதர் அவர் என்று பதிவாகியிருக்கிறது. அவர் கவனக்குறைவாக ஏறினார் என்று கதையை முடித்திருக்கலாம். ஆனால் 1983-இல் நடுவர் குழு அவர் குடும்பத்துக்கு 1 கோடி டாலர் தரும்படி அந்த இயந்திரத்தைச் செய்த நிறுவனத்துக்குச் சொன்னது. ஆள் அருகே வருவதை அறியாத இயந்திரத்தைச் செய்து தந்தவரிடமே பொறுப்பைத் தேடினார்கள். நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆபத்தான இயந்திர பாகங்களுக்குக் காப்பு போட வேண்டும் என்றுதான் தொடங்கியது. தொழிலாளி கவனமாக இருக்க வேண்டும் என்று தொடங்கவில்லை. அந்த வரிசைமுறையில் ஒரு தத்துவம் இருக்கிறது.

‘விக்ரம் வேதா’ 2017 ஜூலையில் வந்தது. புஷ்கர்–காயத்ரி விக்கிரமாதித்தன்–வேதாளம் கதையை வடசென்னைப் போலீஸ் கதையாக மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறை பிடிபடும்போதும் தாதா வேதா ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டுவிட்டுத் தப்புகிறான். முதல் கேள்வியே என்னை நாற்காலியின் நுனிக்கு இழுத்தது: தீங்கு செய்தவனைத் தண்டிப்பதா, செய்யச் சொன்னவனைத் தண்டிப்பதா? செய்யச் சொன்னவனை என்று போலீஸ் அதிகாரி விக்ரம் உடனே சொல்லிவிடுகிறான். அந்த நியாயத்தைத் தன் மேலதிகாரிகளுக்கும் தன் துப்பாக்கிக்கும் பொருத்திப் பார்க்க அவனுக்குப் படம் முழுவதும் தேவைப்படுகிறது. உத்தரவு வந்தது, சுட்டேன் என்பது எப்போது விடையாகும், எப்போது ஒளிந்துகொள்ளும் இடமாகும் என்பதைப் படம் கடைசிவரை விடாமல் துரத்தியது. கடைசியில் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கும்போது தீர்ப்பு சொல்லாமல் படம் முடிந்தது.

மறுவாரம் பஸ்ஸில் ஆனேக்கல்காரர் இன்னொரு வேதாளக் கதையை எடுத்தார். ஒருத்தியின் கணவன் தலையும் அண்ணன் தலையும் துண்டாகிக் கிடக்க, பதற்றத்தில் அவள் உடலை மாற்றித் தலைகளை ஒட்டிவிடுகிறாள். உயிர்த்து எழுந்த இருவரில் அவள் கணவன் யார்? இந்தக் கதையைத் தாமஸ் மன் 1940-இல் ஜெர்மனில் குறுநாவலாக எழுதினார். அதிலிருந்து கிரீஷ் கார்னாட் ‘ஹயவதன’ என்ற கன்னட நாடகத்தை எழுதினார். ஆனேக்கல்காரர் அந்த நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர். தலை யாருடையதோ அவனே ஆள், ஏனென்றால் உறுப்புகளில் தலையே முதன்மை என்று விக்கிரமாதித்தன் தீர்ப்பு சொன்னதாகக் கதை. அவர் சொல்லி முடித்ததும் வெல்டிங் அண்ணன் கேட்டார்:

“அப்படின்னா நம்ம பிரஸ்ல இருந்தது யாரோட கை? கை அந்தப் பையனோடது. தலை எங்க இருந்துச்சு?”

பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. எத்தனை உருப்படி, எத்தனை நொடி, எந்தக் காப்பு இருக்கும், எது கழற்றப்படும் என்பதையெல்லாம் முடிவு செய்த தலை வேறெங்கோ இருந்தது. கை மட்டும் எங்களுடையது. தலை யாருடையதோ அவனே ஆள் என்று விக்கிரமாதித்தன் சொன்ன நியாயத்தை எங்கள் விசாரணைக் குழு பின்பற்றியிருந்தால் அந்தக் கட்டத்தில் வேறு பெயர் வந்திருக்கும். கைக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கும் உண்டு. என் தாத்தா சபையில் குந்தியிருந்தவர்களைச் சேர்த்துத்தான் கேட்டார். தலையை விட்டுவிட்டுக் கையை மட்டும் விசாரிப்பது நியாயமாகாது என்பதே நான் சொல்வது.

அந்தத் தவறுக்கு ஒரு வரலாறு இருப்பதும் பிறகு தெரிந்தது. ஹெர்பர்ட் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன அதிகாரி 1931-இல் விபத்துத் தடுப்பு பற்றி எழுதிய நூல் உலகத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் பாடமானது. விபத்துகளில் 88 விழுக்காடு ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால் நேர்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். அவர் எடுத்துக்கொண்டது காப்பீட்டுக் கோப்புகளையும் ஆலை நிர்வாகங்களின் பதிவுகளையும். அந்தக் கோப்புகளில் காரணம் எழுதியவர்கள் மேற்பார்வையாளர்கள். செய்யச் சொன்னவர்கள் எழுதிய காகிதத்தில் செய்தவர்கள் குற்றவாளிகளாக இருப்பதில் வியப்பில்லை. அவரை மறுத்துப் பின்னால் பலர் எழுதியிருக்கிறார்கள். இருந்தும் அந்த 88 இன்றும் பல ஆலைகளின் சுவரொட்டிகளில் நிற்கிறது.

அதே நூலில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமே இல்லாமல் தப்பிய 300 சம்பவங்களும் இருக்கின்றன என்றார். எண்கள் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனால் பெரிய விபத்து திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை, பலமுறை வந்து கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறது என்ற கருத்தை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ 2021 நவம்பரில் வந்தபோது எனக்குள் இந்தக் கணக்குதான் ஓடியது. அப்துல் காலிக் ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்கிறான். ஒரு கொலையையும் அதைத் தொடர்ந்து வரப்போகும் மதக் கலவரத்தையும் தடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை செத்து விழித்தெழும்போதும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்கிறான். எதிரே நிற்கும் போலீஸ் அதிகாரி தனுஷ்கோடிக்கும் அதே வசதி வாய்க்கிறது. ‘ரிப்பீட்டு’ என்ற சொல் எங்கள் கேன்டீனில் மாதக்கணக்கில் ஒலித்தது.

இதே வாழ்க்கை இம்மியும் மாறாமல் முடிவின்றித் திரும்ப வரும் என்று ஒரு பேய் வந்து சொன்னால் நீ என்ன செய்வாய் என்று நீட்ஷே 1882-இல் கேட்டார். மூன்று ஷிஃப்டில் ஒரே அசைவை ஆயிரம் முறை செய்யும் ஆளுக்கு அது கற்பனைக் கேள்வி ஆகாது. ஆனால் ‘மாநாடு’ அந்தச் சுழலுக்கு வேறொரு பொருள் கொடுத்தது. திரும்பத் திரும்ப வரும் நாள் சாபமாக வரவில்லை. தெரிந்துகொண்டவனுக்கு அது ஒரு கடமை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த பின் சும்மா இருக்க அப்துல் காலிக்கால் முடியாது. செருகு வைத்த பட்டனோடு நூறு முறை கை தப்பியதைப் பார்த்தவர்களுக்கும் அடுத்தது என்னவென்று தெரியும். தப்பிய ஒவ்வொரு முறையும் அந்த நாள் எங்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. தெரிந்தவன் பொறுப்பாளி என்று அந்தப் படம் எனக்குச் சொன்னது. அதன்பின் பயிற்சி வகுப்பில் புதுப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, இந்த வாரம் தப்பியது என்ன என்பதுதான். சொன்னவருக்குத் திட்டு விழாது என்று உறுதி கொடுத்த பிறகே கேட்பேன். அந்த உறுதி இல்லாத இடத்தில் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

வணிகப் படங்களில் தத்துவம் இருக்கிறது என்று சொன்னால் படித்தவர்கள் பலர் ‘மேட்ரிக்ஸ்’, ‘இன்செப்ஷன்’ என்று தொடங்குவார்கள். இந்த உலகம் உண்மையா, கனவா என்பது பெரிய கேள்விதான். நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. எங்கள் பக்கத்துக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: நடந்துவிட்டதற்கு யார் பொறுப்பு? தமிழ்ப் படங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. கேட்ட வேகத்தில் ஒரு வில்லனைப் பிடித்துக் கொடுத்து நம்மை வீட்டுக்கு அனுப்பியும் இருக்கின்றன. வில்லன் கிடைத்ததும் நாம் விசாரணையை நிறுத்திவிடுகிறோம். கேள்வியைத் திறந்தே விட்ட படங்கள்தான் என்னோடு பட்டறைக்குள் வந்தன.

இன்று போச்சம்பள்ளியிலேயே சிப்காட் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓசூர் வரை போக வேண்டியதில்லை. ஓசூர்ப் பக்கத்து மின்னணு ஆலைகளுக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் இளம் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். பல ஆலைகளில் மணிக்கு எத்தனை என்ற இலக்கைப் பலகையில் எழுத இப்போது ஆள் வேண்டாம். மென்பொருள் கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது. முன்பு செய்யச் சொன்னவர் பக்கத்து அறையில் இருந்தார். அவர் முகம் தெரியும், கோபப்பட்டால் கதவைத் தட்டலாம். இப்போது யாரைக் கேட்பது? நிரல் எழுதியவரையா, வாங்கியவரையா, எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவரையா?

இந்தக் கதையை யாராவது தமிழில் படமாக எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாட்டு இருக்கட்டும், துரத்தல் இருக்கட்டும், இடைவேளையில் நாங்கள் மூச்சுப் பிடித்து உட்காரட்டும். ஆனால் அதில் சிவப்புச் சிப் வேண்டாம். கெட்டவன் ஒருவனும் இல்லாமல், எல்லோரும் அவரவர் ஐந்து பைசாவைப் போட, ஒரு பெண்ணின் கை போவதைக் காட்டட்டும். விசாரணைப் படிவத்தைத் திரை முழுக்கக் காட்டி, அந்தக் காரணக் கட்டத்தை வெறுமையாக விட்டு விளக்கைப் போடட்டும். நிரப்புகிற வேலை பார்த்தவர்களுடையது. கம்பெனி பஸ்களில் அதைச் செய்ய ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.